மாத்து அக்காவும் என் இடது காதும்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு மாத்து அக்கா என்று பெயர். கம்ப்யூட்டர், பிரிண்டர், ஹெட்ஃபோன், எது மக்கர் செய்தாலும் அவள்தான் வருவாள். வந்ததும் முதல் கேள்வி, "மாத்திப் போட்டுப் பாத்தியா?" எதையும் இடம் மாற்றிப் போட்டால் கோளாறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடுமாம். தெரிந்தும் விடும், அதுதான் எரிச்சல். போதாக்குறைக்கு, வலது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டாள். தலைக்கனம் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வோம்.

புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறார்களே, அந்தப் பதிவுகளில் வாசிப்பவர் மூச்சு வாங்குவதையும் எச்சில் விழுங்குவதையும் வெட்டி எடுப்பது என் வேலை. நாள் முழுக்க ஹெட்ஃபோனுக்குள்தான் குடித்தனம். என் காதுதான் வீட்டுக்குச் சோறு போடுகிறது.

அன்று காலை வெளிச்சமே சோம்பலாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஹெட்ஃபோனை மாட்டினால் வாசிப்பவரின் குரல் வலது பக்கம் மட்டும் வந்தது. இடது பக்கம் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி மௌனம். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது தரை லேசாக மிதந்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

என் ஆத்திரமெல்லாம் அந்த ஹெட்ஃபோன் மேல்தான். பிடுங்கிச் செருகினேன். முறுக்கினேன். வால்யூமை ஏற்றினேன், வலது காது வலித்ததுதான் மிச்சம். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அது சாவகாசமாக விழித்து, பழைய கதையையே பாடியது. வேறு வழியில்லாமல் அக்காவைக் கூப்பிட்டேன்.

அவள் அவசரமே படாமல் குனிந்தாள். சவுண்ட் செட்டிங்கைத் திறந்து, இடதும் வலதும் சமமாக இருக்கிறதா என்று பார்த்தாள். சமமாகத்தான் இருந்தது. வயரைப் பின்பக்க ஓட்டையில் மாற்றிச் செருகினாள். அப்போதும் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினேன்.

"ஓட்டை உடைசலைக் குடுத்து வேலை வாங்கறாங்க" என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். திருப்பி மாட்டு. இடது பக்கத்தை வலது காதுல."

மாட்டினேன். செத்துப்போச்சு என்று நான் திட்டிய பக்கம், வலது காதில் கணீரென்று பேசியது. நன்றாக இருந்த பக்கம் இடது காதுக்கு வந்ததும் ஊமையாகிவிட்டது.

"இப்போ இதுவும் போச்சா!" என்று சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தாள்.

"ஹெட்ஃபோன் நல்லாத்தான் இருக்கு. எழுந்திரு, காது டாக்டர்கிட்ட போ."

"சளியா இருக்கும்க்கா. நாளைக்குப் போறேன்."

"நானும் சளின்னுதான் நினைச்சேன். ஹெட்ஃபோனைத் திட்டித் திட்டிப் புதுசா வாங்கினேன். டாக்டர்கிட்ட போறதுக்குள்ள என் வலது காது போயிடுச்சு. நாளைக்கெல்லாம் கிடையாது. கிளம்பு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினாள்.

டாக்டர் மருந்து கொடுத்தார். உடனே வந்தது நல்லது என்றார், திரும்பக் கேட்கும் என்று மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் படுத்திருந்ததெல்லாம் எனக்குக் கனவு போலத்தான் நினைவிருக்கிறது. இடது பக்கத்து உலகத்தைக் காணவில்லை. மனைவி அந்தப் பக்கம் வந்து பேசினால் உதடு மட்டும் அசைந்தது. குழாயில் தண்ணீர் சத்தமில்லாமல் விழுந்தது. வேலை போனால் என்ன செய்வது என்று பயந்து, தலையணையில் முகம் புதைத்து அழுதேன். பிறகு ஒரு மதியம், போர்வை இடது காதில் உரசியது கேட்டது. வெறும் போர்வைச் சத்தம்! மனைவியைக் கூப்பிட்டு, அந்தக் காதில் ஊதச் சொல்லி ஊதச் சொல்லிக் கேட்டேன்.

திரும்பி வேலைக்குப் போன அன்று, அக்கா அதே ஹெட்ஃபோனோடு வந்து நின்றாள். மாட்டிக்கொண்டேன். பதிவை ஓட விட்டாள்.

"கேக்குதா?"

"கேக்குது."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

அவள் நகரவில்லை. "எப்படி இருக்கு?" என்றாள்.

"சத்தம் கொஞ்சம் கூட வைக்கலாம்க்கா."

"அதில்லடா. ரெண்டு காதுலயும் கேட்டா எப்படி இருக்கும்? எனக்கு மறந்துபோச்சு."

இதற்கு முன் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. கண்ணை மூடிக்கொண்டேன். குரல் இடது பக்கத்திலும் இல்லை, வலது பக்கத்திலும் இல்லை.

"நடுவுல நிக்குதுக்கா" என்றேன். "நெத்திக்குள்ள. யாரோ உள்ள உக்காந்து எனக்கு மட்டும் படிச்சுக் காட்டற மாதிரி."

கண்ணைத் திறந்தபோது அக்காவும் கண்ணை மூடியிருந்தாள்.

"ஆமா" என்றாள். "அப்படித்தான் இருந்துச்சு."