கல்யாணக் காலையில் கழன்று நின்ற ரேடியேட்டர் சட்டம்

அறுபதுகளின் கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. என் கல்யாணத்துக்கு முந்தின நாள், துருப்பிடித்து விரிசல் விட்டிருந்த, முன்னால் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தை அண்ணன் தானே கழற்றி, வெல்டிங் செய்து கொண்டுவந்தார். மறுநாள் காலை திரும்பப் பொருத்தினால் போல்ட் ஓட்டைகள் நேராகவே வரவில்லை. அந்தச் சட்டம்தான் முன்பக்கத்து மட்கார்டுகள் இரண்டையும் இழுத்துப் பிடித்திருந்ததாம். அது போனதும் அவை விலகிவிட்டன.

பத்து மணிக்குச் சர்ச்சில் இருக்க வேண்டும். மணி ஒன்பதரை. வேறு வண்டியும் இல்லை. அண்ணன் அழுதுவிடுவார் போலிருந்தது.

நான் வெள்ளைப் பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டேன். "அப்பா, நீங்க அந்தப் பக்கம் தள்ளுங்க, நான் இந்தப் பக்கம். ஓட்டை நேரா வந்ததும் போல்ட்டைப் போடுண்ணா!"

"கல்யாணப் பொண்ணுக்கு இன்னாத்துக்கும்மா இந்த பேஜாரு?" என்று பால்காரரும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து என்னோடு தள்ளினார். போல்ட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. தெருவே கை தட்டியது.

அரை மணி தாமதமாகப் போனோம். முகம் வெளுத்து நின்ற மாப்பிள்ளை, என் புடவையிலிருந்த கிரீஸ் கறைக்கான காரணத்தைக் கேட்டதும் சர்ச் என்றும் பாராமல் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் காரில் சட்டத்தைக் கழற்றுமுன் மட்கார்டுகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுவேன். விசேஷத்துக்கு முந்தின நாள் அண்ணன் கண்ணில் ஸ்பானரையே காட்டியதில்லை.