கல்லில் வெட்டிய முகவரி

நாலைந்து சர்ச்சுகள் சேர்ந்த எங்கள் சேகரத்தின் கமிட்டியில் பதினைந்து பேர். பதினைந்து பேருக்கும் வாய் உண்டு. புத்தி எத்தனை பேருக்கு என்று கேட்காதீர்கள். நானும் அதில் ஒருத்தன், அதனால் சொல்கிறேன்.

கெசியா பாளையங்கோட்டையில் எங்கள் சபை அலுவலகத்தில் கிளார்க். அவள் மகன் ஜெய்சன் பத்தொன்பது வயதில் ஆற்றுக்குக் குளிக்கப் போனவன் திரும்பவில்லை. கல்லறைக் கல்லில் பெயர், இரண்டு தேதிகள், ஒரு வசனம். அதற்கு மேல் இடமில்லை. எங்கள் பாதிரியார் ஐயர் மாதிரியே பிரசங்கம் பண்ணிக் காட்டி வீட்டையே சிரிக்க வைப்பான் என்பதை எங்கே எழுதுவது? சபையின் பேரில் ஒரு இணையதளம் தொடங்கி அதில் எழுதினாள். கல்லின் அடியில் அதன் முகவரியை வெட்டச் சொன்னாள். பார்த்தவர்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களுக்கும் கேட்டார்கள். ஒன்பது வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேரின் கதையை, பைசா வாங்காமல் எழுதினாள். என் அப்பாவும் அதில் உண்டு. அத்தனை கல்லிலும் அந்த முகவரிதான்.

கல்லில் ஏறிவிட்டது, இனி என்ன என்று இருந்துவிட்டோம். இணையத்தில் தளத்தின் பெயர் யாருக்கும் சாசுவதமில்லை, குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். சேகரத்தில் எதுவானாலும் செயலாளர் பெயரில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஆகவே இதையும் அன்றைய செயலாளர் ஹெப்ரானின் மின்னஞ்சலில்தான் பதிந்திருந்தோம். போன தேர்தலில் அவர் அணி தோற்றது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் அவருக்கே போயின. மனுஷன் மூச்சு விடவில்லை.

பிறகு கேட்டபோது, “ஜெயிச்சவன் பாத்துக்கிடட்டும்னு இருந்துட்டேன் வே” என்றார். வெட்கமாவது, ஒன்றாவது!

ஆகஸ்டில் தளம் திறக்கவில்லை என்றதும் கெசியா பதறிக்கொண்டு வந்தாள். பெயரை மீட்க அக்டோபர் பாதிவரை அவகாசம் இருந்தது. ஹெப்ரானிடம் கடவுச்சொல் கேட்டாள், மறந்துவிட்டது என்றார். அப்படியானால் கமிட்டித் தீர்மானத்தோடு கடிதம் வேண்டும் என்றது, பெயர் பதிந்து தந்த கம்பெனி.

“ஒரு கையெழுத்துதான் அண்ணாச்சி. பணம் நானே கெட்டுதேன்” என்றாள் என்னிடம்.

இனி யார் மின்னஞ்சலில் பதிவது என்று சண்டை வந்தது. புதுச் செயலாளர் பெயரா, பொருளாளர் பெயரா? மூன்று கூட்டம் ஒத்திவைத்தோம். மூன்று தடவையும் நானும் கை தூக்கினேன். பசித்தது, வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் காரணம். தூ!

அவகாசம் முடிந்தது. பெயர் பொதுவுக்கு வந்த நொடியே யாரோ ஒரு சூதாட்டக்காரன் எடுத்துக்கொண்டான். இணையப் பெயர்களை நிர்வகிக்கும் பதிவகத்துக்குக் கெசியா எழுதினாள். காலாவதியான பெயர் முதலில் கேட்டவருக்கே, கல்லறையில் வெட்டியிருப்பதற்கெல்லாம் விதியில்லை என்று பதில் வந்தது. அவள் எழுதியவை பத்திரமாகத்தான் இருந்தன. போய்ச் சேரும் வழி மட்டும் போய்விட்டது.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். தோட்டத்தில் மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கூட்டம். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் தாயின் கல்லைப் பார்த்து முகவரியைப் போனில் அடித்தாள். ரம்மி ஆட வா என்று திரையில் அரைகுறை உடையில் ஒருத்தி ஆடினாள். அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாளே அவசரக் கூட்டம். எல்லாக் கல்லிலும் அந்த வரியைக் கொத்தி எடுப்பது என்று பத்து நிமிடத்தில் முடிவானது. புது முகவரி வெட்டுவதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தோம்.

கல்தச்சர் சொரிமுத்து ஜெய்சனின் கல்லில் ஆரம்பித்தார். கெசியா பக்கத்தில் நின்றாள். உளி விழ விழத் தெறித்த சில்லுகளைக் குனிந்து பொறுக்கினாள். எனக்குத் தாங்கவில்லை, என்னவோ ஆறுதல் சொல்லப் போனேன்.

“இதுக்கு மட்டும் ஒரே கூட்டத்துல தீர்மானம் போட்டுட்டியளே, அண்ணாச்சி” என்றாள்.