மெட்டு ஏறும் நாளில் பிள்ளை அழக்கூடாது

கோம்பையில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப்பேர் ஏலமலையை நம்பிப் பிழைத்தவர்கள். ஏலக்காய் பறிப்புத் தொடங்கினால் விடியற்காலையில் மெட்டு என்கிற மலைக் கணவாய்ப் பாதையில் ஏறுவார்கள், பறிப்பு முடிந்த பிறகுதான் இறங்குவார்கள். கிளம்பும் நேரத்தில் வீட்டுப் பிள்ளை அழுதுவிட்டால் போகிறவருக்கு மலைக்காய்ச்சல் வந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. அதனால் பிள்ளைகளிடம் யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் பிள்ளையைக் கொல்லைப்புறம் தூக்கிப்போய் வேடிக்கை காட்டுவார், அப்பன் வாசல் வழியே நழுவிவிடுவான். கன்னம் வைக்கிற திருடன்கூட அவ்வளவு பதனமாக நடக்கமாட்டான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே எனக்கு இது பிடிக்காது.

என் வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்தில் கங்காணி. எங்கள் மகளுக்கு மூன்று வயது நடந்தபோது அவர் மலைக்குக் கிளம்பினார். அவருடைய அக்காள், என் மதினி, எங்களோடுதான் இருந்தார். "கன்னுக்குட்டி துள்ளுது, பாப்பம் வா" என்று மகளைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தால் அய்யா இல்லை. அவள் அடுப்படியில் தேடினாள், குதிருக்குப் பின்னால் தேடினாள், சுருட்டிவைத்த பாய்க்குள் எட்டிப் பார்த்தாள். அய்யா எங்கே என்று என்னைக் கேட்டாள். "வந்துருவாக" என்று மதினி முந்திக்கொண்டு சொன்னார். ஏமாந்த பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது.

பறிப்பு முடிந்து அவர் இறங்கி வந்தார். மகள் அவரை விட்டு நகர மறுத்தாள். கிணற்றடிக்குப் போனாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவாள். அவர் துண்டின் நுனியைத் தன் மணிக்கட்டில் கட்டச் சொல்லித்தான் தூங்குவாள். எவராவது "இங்கன வா, ஒண்ணு காட்டுறேன்" என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டால் போதும், வீடு இடியக் கத்துவாள். பேய் பிடித்துவிட்டது, குச்சனூர்க் கோயிலுக்குக் கூட்டிப்போய் எள் விளக்குப் போடு என்று தெருவே சொன்னது. பேயாவது பிசாசாவது! பெற்றவர்களே பொய் சொன்னால் பிள்ளை வேறு யாரை நம்பும்?

அடுத்த பறிப்பு வந்தது. இந்தத் தடவை மகளிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

"ஏண்டி, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று மதினி பாய்ந்தார். "பிள்ள அழுதா எந்தம்பிக்கு ஆகாது. எங்க வீட்டுக்காரக மெட்டு ஏறும்போது எம்மகன் காலக் கட்டிக்கிட்டு அழுதான். பொணமாத்தான் கொண்டுவந்தாக. நாங் கண்ணால பாத்தவ."

அது உண்மை. மதினியின் புருஷன் மலைக்காய்ச்சலில் போனவர். அந்த மகன் வளர்ந்து மதுரையில் பஞ்சாலை வேலைக்குப் போய்விட்டான். பொங்கலுக்கு வருவான், வாசலோடு நின்று சேலையைக் கொடுத்துவிட்டுப் போவான். ஆத்தாள் முகத்தை அவன் நேராகப் பார்த்து நான் கண்டதில்லை. மதினியின் துக்கத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தத் துக்கத்துக்காக என் மகளைப் பலி கொடுக்க முடியாது.

"மதினி, நீங்க என்னைய வைங்க, அடிங்க. எம்பிள்ளைகிட்ட நான் பொய் சொல்லமாட்டேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் அக்காளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் உள்ளூரப் பயம்தான். நானே மகளை எழுப்பி வாசலுக்குக் கொண்டுவந்தேன்.

"அய்யா மலைக்குப் போறாக. காய் பறிச்சு முடிச்சுட்டுத்தான் வருவாக. ஒனக்கு அழுகை வந்தா அழுகு."

அழுதாள். அப்படியொரு அழுகை. தெருவில் கதவுகள் திறந்தன. மதினி தலையிலடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் முகம் வெளிறிப்போய், மகள் தலையைத் தடவிவிட்டு நடந்தார். மெட்டுப் பாதையில் அவர் தோப்புக்குள் மறையும்வரை நான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கும் உள்ளே உதறல்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு மகள் குதிருக்குப் பின்னால் தேடவில்லை. கம்பங்கூழ் குடித்தாள், மத்தியானம் தானாகத் தூங்கினாள். யாராவது கேட்டால், "அய்யா காய் பறிக்கப் போயிருக்காக" என்று பெரிய மனுஷியாட்டம் சொன்னாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பறிப்புப் பாதியில் அவரை டோலியில் வைத்து இறக்கினார்கள். மலைக்காய்ச்சல்.

பற்கள் கிட்டி, கட்டில் ஆட நடுங்கினார். மதினி அவரைப் பார்த்தார், பிறகு என் மகளைப் பார்த்தார். "அழுது தொலைச்சியேடி பாவி!" என்றார். நான் போட்ட சத்தத்தில் டோலி தூக்கி வந்தவர்கள் வாசலைத் தாண்டி ஓடினார்கள். என்ன சத்தம் போட்டு என்ன, சொன்ன சொல் பிள்ளை காதில் விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் அழவில்லை. கொல்லையில் கருவேல முள் காலில் ஏறியது. ஊசியால் தோண்டி எடுத்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அய்யா படுத்திருந்த அறைப் பக்கமே போகமாட்டாள். அவளைப் பார்த்து எனக்கு மதினியின் மகன் ஞாபகம் வந்தது.  புருஷனுக்குத் தோட்டத்திலிருந்து மருந்து வந்தது. இவளுக்கு என்ன இருக்கிறது?

காய்ச்சல் விட்டு அவர் கண் திறந்து கஞ்சி குடித்த அன்று, மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்காரவைத்தேன். மதினி நிலைப்படியில் நின்றார்.

"இவ அழுததாலதான் ஒங்களுக்குக் காச்சல் வந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. வந்தது எதுனாலன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் அக்காளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இந்த மனிதர் மட்டும் இப்போது "ஆமா" என்றால் என் மகள் கதை முடிந்தது. சொல்லும்வரை இந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் மகளின் கைகளை வாயிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார்.

"அங்கன மலைக்காச்சல் வராம இருக்க எல்லாருக்கும் கொயினா மருந்து குடுத்தாக, ஆத்தா. கசப்புன்னா கசப்பு, கொடலப் பொரட்டும். முழுங்குன மாதிரி வாயில வச்சுக்கிட்டு, அந்தப் பக்கமாப் போயித் துப்பிருவேன். அதான் காச்சல் வந்துருச்சு."

உலகச் சண்டை நடந்த காலம். அந்த மருந்துக்கு ஊரே அலைந்துகொண்டிருந்தது, இவர் துப்பியிருக்கிறார்! படுத்திருந்தவர் என்று பார்க்காமல் அங்கேயே ரெண்டு அறை விட்டிருப்பேன். மகள்தான் முந்திக்கொண்டாள்.

"தினமுமாத் துப்புன?"

"தினமுந்தான்."

"அப்ப நான் அழுததுனால இல்லையா?"

"ஒன் அழுகை என்னைய என்ன செய்யும்? வழியெல்லாம் அதத்தான நெனச்சுக்கிட்டுப் போனேன். நமக்காக அழுக ஒரு ஆளு இருக்குன்னு."

மகளின் உதடு கோணியது. பிறகு உடைந்து, அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்து அழுதாள். சேர்த்துவைத்திருந்த முள்ளுக்கும் சேர்த்து அழுதாள். அவர் எலும்புக் கையால் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் கட்டில் காலை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

நிலைப்படியிலிருந்து மதினியின் குரல் வந்தது. "எங்க வீட்டுக்காரகளும் மருந்து மாயம் எதையும் தொடமாட்டாக." என் மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எம்மகனுக்கும் அப்ப நாலு வயசுதான். பொணத்தக் கிடத்தியிருக்கும்போதே, ஒன் அழுகையாலதான்னு அவனச் சொல்லிட்டேன். இன்னமுஞ் சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன்." 

மறுநாள் காலையில் மதினி வெளுத்த சேலை கட்டி, மூட்டையோடு கிளம்பி நின்றார். மதுரைக்குப் போக வேண்டும், மகனைப் பார்க்க வேண்டும் என்றார். பஸ் ஹாரன் கேட்டது. வாசல் வரை போனவர் திரும்பி வந்து, என் மகள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"அத்தை மதுரைக்குப் போறேன். மச்சானப் பாத்துட்டு வாரேன்."

அவள் அழத் தொடங்கினாள். மதினி மூட்டையைக் கீழே வைத்தார். "அழுகு ஆத்தா, அத்தை இங்கனயேதான் இருக்கேன்" என்று அவள் அழுது முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அந்த பஸ் போய்விட்டது.