ஆனிக்குள் குறைக்க வேண்டிய சத்தம்

திருநின்றவூரில் நாங்கள் குடியிருக்கும் மாடி எனக்கு ஒன்பதாவது வாடகை வீடு. போன வருடம் ஆனி மாதம் அதையும் காலி செய்யச் சொன்னார்கள். வாடகை பாக்கி இல்லை, தண்ணீர்ச் சண்டை இல்லை. என் டி.வி. சத்தம்தான் குற்றம்.

வீட்டுக்காரர் ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாதிப் படி ஏறி வந்து, என்னைத் தாண்டி என் மனைவியிடம் பேசினார்.

“அவருகிட்ட சொல்லும்மா. ஆடி பொறந்துட்டா நீங்களும் வீடு மாத்த மாட்டீங்க, எனக்கும் யாரும் குடி வரமாட்டாங்க. ஆனிக்குள்ள சத்தத்தக் குறைக்கணும். இல்லன்னா காலி பண்ணிடணும்.”

நான் அப்போதுதான் வெளியே போய்விட்டு வந்து அதே படியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு காதிலும் மெஷின் இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. காது மந்தம் என்றால் ஆளே அங்கு இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். மளிகைக் கடைக்காரர் முதல் மாமனார் வீட்டுக்காரர்கள் வரை எல்லோரும் இப்படித்தான்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியில் ஏறினேன். மராட்டியம், ஒரிசா என்று ஊர் ஊராகக் கிணறு தோண்டினோம். ஓடுகிற கம்ப்ரசர் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பிரஸ் பட்டறையில் பதினோரு வருடம். காது போனது அப்படி. அதற்காக நான் யாரிடமும் அழுததில்லை. என் கோபமெல்லாம் மெஷின் கொடுத்த விதத்தின் மேல்தான்.

ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் நடந்தது. வரிசையாக உட்கார வைத்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி மெஷினை மாட்டி, கையைத் தட்டி, கேட்கிறதா என்றார்கள். தலையாட்டினேன். போட்டோ எடுத்தார்கள். டப்பாவைக் கையில் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்று யாரும் சொல்லவில்லை. பேட்டரி சீக்கிரம் தீரும் என்பது மட்டும் எனக்கே தெரிந்தது. அதனால் செருப்பு மாதிரி அதைப் பழகிக்கொண்டேன். வெளியே போனால் மாட்டுவேன், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுவேன்.

மெஷின் இல்லாமல் டி.வி. பார்த்தால் சத்தத்தை நாற்பதில் வைக்க வேண்டும். அப்போதும் இரைச்சல்தான் வரும். விளம்பரத்தின் தாளம் நெஞ்சில் இடிக்கும். மழை எந்த மாவட்டத்துக்கு என்று செய்தி வாசிப்பவர் சொல்வது மட்டும் கூழாகக் கரைந்துவிடும். இன்னும் கூட்டுவேன்.

“இன்னாய்யா, தெருக்கோடி வரிக்கும் கேக்குது, உனுக்கு மட்டும் கேக்கலியா?” என்பாள் மனைவி.

கெடு வைத்த பிறகு அவள் கேன்டீன் வேலைக்கு அரை நாள் லீவு சொன்னாள். ரயிலேறி அம்பத்தூரில் இருந்த ஒரு காது சோதனை மையத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண் என் மகள் வயதுதான் இருப்பாள். டி.வி. பார்க்கும்போது மெஷின் போடுவீர்களா என்று கேட்டாள்.

“வீட்டுல எதுக்கும்மா?” என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஐயா, அதுக்குத்தான் இந்த மெஷினே. டி.வி. முன்னாடிதான் கண்டிப்பாப் போடணும். போட்டாத்தான் காது பழகும்.”

என் வலது காது இடதைவிட மோசம் என்றும், இரண்டு மெஷினிலும் ஒரே அளவு ஒலியே வைத்திருக்கிறார்கள் என்றும் அவள் சொன்னபோது எனக்கு உடம்பு எரிந்தது. இரண்டு வருடம் அப்படியே ஓட்டியிருக்கிறேன். டி.வி. ஒலியை நேராக மெஷினுக்கே அனுப்பும் ஒரு சின்னப் பெட்டி உண்டாம். ஆனால் முகாமில் தந்த இந்த மெஷினுக்கு அது சேராதாம். அவளைத் திட்டி என்ன பயன்? கம்ப்யூட்டரில் மாட்டிச் சரிசெய்து கொடுத்தாள். டி.வி.க்கு ஸ்பீக்கர் பின்பக்கம் இருந்தால் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், கிட்டே உட்காருங்கள் என்றாள்.

எங்கள் டி.வி. கதவு உயரத்தில் சுவரோடு ஒட்டித் தொங்கியது. பேச்செல்லாம் சுவருக்குத்தான் போயிருக்கிறது. நானும் மனைவியுமாக இறக்கி, கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் வைத்தோம். மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்தோம். மெஷினோடு உட்கார்ந்தேன். பதினாலில் கேட்டது. மாவட்டங்களின் பெயர் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. குக்கர் விசில் மட்டும் மண்டையைத் துளைத்தது. தலைவலியோடு பொறுத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் செய்திக்கு நடுவே ஒரு பெண் அழுதாள். திரையில் அழுகிறவர் யாரும் இல்லை. டி.வி.யை நிறுத்தினேன். அழுகை நிற்கவில்லை. அது தரைக்குக் கீழிருந்து வந்தது.

“ஓனர் ஊட்டு சீரியல். தெனம் இப்டித்தான் கீது. உனுக்கு இன்னிக்குத்தான் கேக்குது” என்றாள் மனைவி.

“ஏன் சொல்லல?”

“ஓனராச்சே.”

இறங்கிப் போனேன். வீட்டுக்காரர் டி.வி.க்கு நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. எதிரே போய் நின்ற பிறகுதான் பார்த்தார். சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன்.

“உங்க சத்தம் தாங்காமத்தான் நான் கூட்டி வச்சேன்.”

“பத்து நாளா எங்களுது பதினாலுலதான் சார் ஓடுது.”

“என்ன?”

அவர் மனைவி சமையற்கட்டிலிருந்து வந்து அதை அவர் காதருகே திருப்பிச் சொன்னார். ரிமோட்டை வாங்கி அழுத்திக் காட்டினார். திரையில் நாற்பத்தாறு என்று வந்தது. நான் அம்பத்தூர் மையத்தைப் பற்றிச் சொன்னேன்.

“எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. அதெல்லாம் உங்கள மாதிரி ஆளுங்களுக்கு” என்றார்.

என்னை மாதிரி ஆள் என்றால் யார்? வாடகை கொடுக்கிறவனா, கிணறு தோண்டியவனா, காதில் மெஷின் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்க வெட்கப்படாதவனா? கேட்கவில்லை. கேட்டாலும் அவருக்கு விழுந்திருக்காது.

ஆடி பிறந்தது. காலி செய்யும் பேச்சை அவர் எடுக்கவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றும் சொல்லவில்லை. அதற்காக நான் சும்மா இருக்கப் போவதில்லை. வாரம் ஒருமுறை கீழே போய், அவர் முகத்துக்கு நேரே நின்று சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு வருகிறேன். நேற்று போனபோது அவர் டி.வி. முப்பத்தெட்டில் இருந்தது.