மாப்பிள்ளை போட்ட கையெழுத்து

அப்பா உயில் எழுதிய ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்திலிருந்து வந்த கையோடு நான் கறிக்குழம்புக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன். மதுரையில் நாங்கள் குடியிருந்த வீட்டை அந்த உயிலில் அவர் எனக்கு எழுதிவைத்தார்.

அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன மறுவருஷம் பக்கவாதம் வந்து அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பெரியண்ணன் ரங்கூனிலும் சின்னண்ணன் பட்டணத்திலும் உத்தியோகம் பார்த்தார்கள். இருவரும் வருத்தப்பட்டுக் கடிதம் போட்டார்கள். கடிதமா வந்து படுக்கைத்துணி மாற்றும்? திருமங்கலத்தில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த நான் மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே பஞ்சுக்கடையில் குமாஸ்தா. அன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தார்.

"பயலுகளுக்குப் படிப்பக் குடுத்தாச்சு. வீடு ஒனக்குத்தான்" என்றார் அப்பா. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்?

பத்திரம் எழுதுபவர் எழுதி வாசித்துக் காட்டினார். சாட்சிக்குச் சபை மூப்பரும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். அப்பாவும் மூப்பரும் கையெழுத்துப் போட்டு, பேனா பக்கத்து வீட்டுக்காரரிடம் போகையில் அப்பா தடுத்தார்.

"மாப்பிள்ளை நிக்கையில அடுத்த ஆளு போட்டா நல்லாவா இருக்கும்? நீங்க போடுங்க மாப்பிள்ளை."

எங்கள் பக்கம் அப்படித்தான். நல்லதோ கெட்டதோ, மாப்பிள்ளையை முன்னால் நிறுத்தாவிட்டால் ஆயுசுக்கும் பேச்சு. இவருக்கும் மாப்பிள்ளை முறுக்கு கொஞ்சம் உண்டு. சட்டைக்கையை மடித்துவிட்டு, எழுத்து எழுத்தாகத் தெரியும்படி போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே நகர்ந்து உட்கார்ந்தார். பத்திரம் எழுதுபவர் வாய் திறக்கவில்லை. அவர் எழுதிப் பழகியதெல்லாம் இந்துக் குடும்பங்களுக்கு. அங்கே இதனால் கெடுதல் கிடையாது. கிறிஸ்தவர்களுக்குச் சட்டம் வேறு என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

அப்பா இறந்து அண்ணன்கள் வந்திருந்தபோது, உயிலைக் கோர்ட்டில் கொடுத்து உறுதிப்படுத்த எல்லோரும் வக்கீலிடம் போனோம். அவர் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, "இந்த ரெண்டாவது சாட்சி யாரு?" என்றார்.

"நம்ம மாப்ளதான் சார்" என்றார் பெரியண்ணன்.

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "அம்மா, சாட்சி போட்டவருக்கோ அவரு சம்சாரத்துக்கோ எழுதி வச்சது செல்லாது. மத்ததெல்லாம் செல்லும்."

மற்றதென்றால், பெரியண்ணனுக்கு அப்பாவின் கடிகாரம், சின்னண்ணனுக்கு ஹார்மோனியம். வீடு மட்டும், உயிலே எழுதாதது போல மூவருக்கும் சமபங்கு. அண்ணன்கள் மனசு வைத்து விட்டுக்கொடுத்து எழுதித் தந்தால் முழுதும் எனக்கே சேரும் என்றும் வக்கீல் சொன்னார்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வக்கீலின் மேசைக்கடியில் ஒரு பூனை படுத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் பெரியண்ணன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சொன்னார்: "அப்பா மனசு எங்களுக்குத் தெரியாதா தங்கச்சி? ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. எனக்கும் பொம்பளப் பிள்ளைக இருக்குதுக." சின்னண்ணன், அண்ணன் சொல்வதே தனக்கும் என்றார்.

"சரிண்ணே" என்றேன். கடித்துக் குதறியிருக்க வேண்டும். குதற எனக்குள் ஆள் இல்லை.

இப்போது யாராவது உயில் எழுதப்போவதாகச் சொன்னால், தனக்கோ தன் சம்சாரத்துக்கோ அதிலிருந்து ஒரு செம்புகூட வராத ஆளைச் சாட்சிக்குக் கூப்பிடு என்கிறேன். உறவுக்காரன் முகம் கோணினால் கோணட்டும்.

வீட்டை விற்றார்கள். நாங்கள் மறுபடி திருமங்கலத்தில் வாடகைக்குப் பார்த்தோம். சாமான் ஏற்றிய அன்று, அதுவரை அந்தக் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத என் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"எம்மேல கோவமா?"

"இல்லைங்க."

பொய்யில்லை. கோபம், வருத்தம் என்று எதைத் தேடினாலும் என்னிடம் இல்லை.

"ரெண்டு வார்த்தை திட்டிரு" என்றார், கெஞ்சுகிற குரலில்.

அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தில் தூசியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். "வண்டிக்காரரு கூப்பிடுறாரு, போங்க" என்றேன்.

அவர் போகவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, தோள் குலுங்க அழுதார். அவர் நின்ற இடத்தை விட்டுவிட்டு, மிச்சத்தைக் கூட்டி முடித்தேன்.