கீழிருந்து வந்த வெந்நீர்

கல்யாணமாகிப் பத்து வருடம் நாகையாவும் சீதாலெட்சுமியும் பேசியதைவிட, கார்ப்பெட் கழுவப் போன பிறகு பேசியதுதான் அதிகம். அதற்கு முன்னால் அவனுக்குத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வேலை, அவளுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அவன் ஷிப்ட் முடிந்து, கிள்ளான் பக்கம் பண்டமாரானில் இருந்த வீட்டுக்குள் நுழையும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். பிள்ளையும் இல்லை. எண்பத்தைந்தில் நாடு முழுக்க வியாபாரம் படுத்தது. இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் துப்புரவுக் கம்பெனி வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர் சீவரத்தினம், "புருஷன் பெண்சாதி ரெண்டு பேரும் சேர்ந்து வாறதெண்டால் வாங்கோ. சண்டை பிடிச்சாலும் வேலை நடக்க வேணும்," என்று சேர்த்துக்கொண்டார்.

கோலாலம்பூரில் அப்போது எழும்பிய ஆபீஸ்களில் எல்லாம் சுவர் முதல் சுவர் வரை கார்ப்பெட் ஒட்டினார்கள். வெளியே மழையும் சேறும், உள்ளே ஏர்கோன் குளிரும் பஞ்சு மாதிரித் தரையும். அதில் தேத்தாரே டீ சிந்தும், பூட்ஸ் சேறு படியும், ஏர்கோன் ஒழுகும். அதைக் கழுவ சீவரத்தினத்திடம் ஒரு மின்சார மெஷின் இருந்தது. இடுப்பளவு உயரம், கீழே சக்கரம், உள்ளே இரண்டு தொட்டி. ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் உறிஞ்சி எடுத்த அழுக்கு. சீதாலெட்சுமி வாய் அகன்ற இரும்புத் தடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பாள். தடி தண்ணீரைத் தெளிக்கும், தெளித்ததை உறிஞ்சும். நாகையா அழுக்குத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கக்கூஸில் ஊற்றிவிட்டு வருவான். மெஷினுக்கு இரண்டு வயர். இரண்டையும் ஒரே லைனில் சொருகினால் பியூஸ் போய்விடும். ஆகவே எந்த ஆபீஸுக்குப் போனாலும் அவனுடைய முதல் வேலை, மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்து பிளக் தேடுவது.

"மேனேஜர் மேஜைக்குக் கீழ என்னாங்க பண்றீங்க?"

"மேனேஜராவ முடியல. அவரு கால வைக்கிற எடத்தையாவது பாத்துக்கறேன்."

ஆபீஸ்கள் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின. மெஷின் இரைச்சல் போடும், ஆனால் பக்கத்தில் நின்றால் பேச்சு கேட்கும். பக்கத்து வீட்டு வம்பு, அவன் அக்காள் கல்யாண வீட்டில் சொன்ன ஒரு வார்த்தை, மத்தியானத்துக்கு என்ன சாப்பிடலாம், எல்லாம் அந்த ஈரத்தரையில்தான்.

குறை இல்லாமல் இல்லை. மெஷினில் ஊற்றிய வெந்நீர் சீக்கிரமே ஆறிப்போகும். உறிஞ்சுகிற பலமும் போதாது. திங்கட்கிழமை காலை ஆபீஸுக்கு வருகிறவர்களின் சாக்ஸ் நனையும், அறையில் புளித்த துணி வாடை அடிக்கும். சீவரத்தினத்துக்கு போன் மேல் போன்.

எண்பத்தொன்பதில் அவர் ஒரு வேனைக் கொண்டுவந்து கடைக்கு முன்னால் நிறுத்தினார். பின்கதவைத் திறந்தால் ஆள் உயரத்துக்கு இரும்பு. வேனை ஓட்டுகிற இஞ்சின் வேறு, கார்ப்பெட் கழுவுகிற இது வேறு.

"அமெரிக்கா சாமான்," என்றார் சீவரத்தினம். "பெட்ரோலில ஓடும். இனி ஒருத்தன்ர பிளக்கும் வேண்டாம். வேன் கீழ நிக்கும், குழாய் மேல போகும். புகைக்குழாய்ச் சூட்டிலேயே தண்ணி கொதிச்சுப் போகும். பின்னேரத்துக்குள்ள கார்ப்பெட் காய்ஞ்சிடும். விளங்குதா?"

நாகையாவுக்கு நன்றாகவே விளங்கியது. ஒரு வாரத்தில் எந்த முள் எங்கே நிற்க வேண்டும், எந்த வால்வை எப்போது திருப்ப வேண்டும் என்று படித்துக்கொண்டான். சூடு மீறிப் போனால் ஒரு வால்வைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை வெளியே விட வேண்டும். அதற்கு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வாளி தூக்கிய நாகையாவை இப்போது சீவரத்தினம் வாடிக்கையாளர்களிடம் "எங்கட ஆப்பரேட்டர்" என்று அறிமுகப்படுத்தினார். துறைமுகத்தில் அத்தனை வருடம் முதுகை ஒடித்தும் கிடைக்காத பெயர். சட்டைப் பையில் ஒரு ஸ்குரூடிரைவரை எந்நேரமும் சொருகிக்கொண்டான். கோயிலுக்குப் போகும்போதுகூட.

சீதாலெட்சுமிக்குத்தான் கை ஒடிந்தது போல் ஆயிற்று. அவன் கீழே, அவள் மூன்றாம் மாடியிலோ நாலாம் மாடியிலோ தனியாக. மாடிப்படி வழியே ஏறி வரும் இரண்டு குழாய்கள்தான் இடையில். ஒன்று விரல் தடிமன், வெந்நீர் வருவதற்கு. மற்றது கைத் தடிமன், அழுக்கை உறிஞ்சுவதற்கு. கத்தினால் கேட்காது. கீழே இஞ்சின் போடுகிற சத்தத்தில் அவனுக்கு அவன் குரலே கேட்காது.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். தடியின் வாயை அவள் உள்ளங்கையால் ஒரு தடவை அடைத்தால், கீழே இஞ்சின் முனகும். தண்ணீரை நிறுத்து என்று பொருள். இரண்டு தடவை அடைத்தால், சூடு போதவில்லை. கேட்டுக்கொண்டேன் என்பதற்கு அவன் தண்ணீர்க் குழாயை ஒரு கணம் மூடித் திறப்பான். அவள் கையில் தடி சட்டென்று லேசாகும், பிறகு மறுபடி கனக்கும். அந்த ஒரு கணத்துக்காகவே சில சமயம் தேவையில்லாமல் வாயை அடைப்பாள்.

"சும்மா சும்மா கூப்பிடாதடி. இஞ்சின் கெட்டுப் போயிடும்," என்று சாப்பாட்டு நேரத்தில் திட்டுவான்.

"இருக்கீங்களா, இல்ல கோப்பிக் கடைக்குப் போயிட்டீங்களான்னு பாத்தேன்."

"ஆப்பரேட்டர் எங்கயும் போவ மாட்டான்லா."

ஐந்தாறு மாதத்தில் தலைவலி ஆரம்பித்தது. ஞாயிறு சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டே வருவான். வீட்டுக்கு வந்ததும் வாந்தி. திங்கட்கிழமை ஒன்றும் இருக்காது. வெயில் என்றான். கடைச் சாப்பாடு என்றான். பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டான். சீதாலெட்சுமி ஒன்றைக் கவனித்தாள். திறந்த வெளியில் வேனை நிறுத்திய நாட்களில் தலைவலி இல்லை. கட்டடத்துக்கு அடியில், கூரைக்குள் நிறுத்திய நாட்களில்தான்.

"அந்தப் புகைங்க. அதுதான் ஒங்களப் போட்டுப் பாக்குது. பழைய மெஷினையே கேப்போம்."

"எதுக்கு? மறுபடி வாளி தூக்கவா?"

"தூக்கினா என்னா? நான் தூக்கறேன். நீங்க தடியப் புடிங்க."

அவன் சிரித்தான். "புகை போறதுக்குத்தான் பைப் வாங்கிப் போட்டிருக்கேன்ல. வெளிய போயிரும். பயப்படாத புள்ள."

அவளே சீவரத்தினத்திடம் போய்க் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. "அந்த மின்சார மெஷின் ஸ்டோரில கிடக்குது. பழைய இரும்புக்காரனும் வாங்க மாட்டான். ஆர் திரும்ப ஈரக் கார்ப்பெட் கேக்கினம், சொல்லு பாப்பம்?" என்றார். அவள் வெளியே போகும்போது கூப்பிட்டுச் சொன்னார்: "வாற ஞாயிறு அந்த இன்சூரன்ஸ் ஆபீஸ். போன முறை பக்கத்து மண்டபத்துக்காரன் சத்தம் எண்டு முறைப்பாடு. இந்த முறை சத்தம் வெளியில போகக்கூடாது. நாகையாட்டச் சொல்லு."

அவள் சொன்னாள். வேறு எதைச் சொல்லாமல் விட்டாலும் அதை மறக்காமல் சொன்னாள்.

இன்சூரன்ஸ் ஆபீஸ் பிரிக்ஃபீல்ட்ஸில் நாலு மாடிக் கட்டடம். பின்பக்கம் லோரி வந்து சாமான் இறக்குகிற இடம், அதற்கு ஒரு இரும்பு ஷட்டர். நாகையா வேனை உள்ளே விட்டான். புகைபோக்கியில் வளைகிற பைப்பை மாட்டி, அதன் நுனியை ஷட்டருக்கு வெளியே வைத்தான். ஷட்டரைப் பாதிக்கு இறக்கினான். பக்கத்து மண்டபத்தில் நிச்சயதார்த்தம். நாதஸ்வரக்காரர்கள் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு ஒங்க கச்சேரியா அவங்க கச்சேரியான்னு பாப்போம்," என்றாள் சீதாலெட்சுமி.

"என்னுதுதான். போ, மேல போ."

அதுதான் கடைசிப் பேச்சு.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. ஊற்றிய ஊற்றில் எதிர்க் கட்டடம் தெரியவில்லை. நாலாம் மாடியில் அவள் ஹாலை முடித்து, மேனேஜர் அறைக்கு வந்திருந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கறை, மாதக்கணக்காக ஊறியது. தேய்த்துப் பார்த்தாள், நகரவில்லை. உள்ளங்கையால் தடியின் வாயை இரண்டு தடவை அடைத்தாள். சூடு வேண்டும்.

பதிலுக்குத் தண்ணீர் ஒரு கணம் நிற்கவில்லை.

இன்னொரு தடவை அடைத்தாள். அப்போதும் நிற்கவில்லை. ஆனால் தடியின் கைப்பிடியில் சூடு ஏறியது. கொஞ்ச நேரத்தில் கார்ப்பெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. இவ்வளவு சூடு அதற்கு முன் வந்ததே இல்லை. பதில் சொல்ல நேரமில்லாமல் வேலையைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். சொன்ன உடனே கேட்கிற புருஷன், என்று தனக்குள் சிரித்தும்கொண்டாள். கறை கரைந்து, கண்ணெதிரே குழாய்க்குள் போயிற்று. அடுத்த அறை, அதற்கடுத்த அறை. அன்றைக்கு மாதிரி அவள் கை ஓடியதே இல்லை. துணியைச் சுற்றித்தான் தடியைப் பிடிக்க முடிந்தது.

பிறகு உறிஞ்சுகிற சத்தம் இளைத்து நின்றுபோனது. பெட்ரோல் தீர்ந்திருக்கும், ஊற்றுவார் என்று காத்திருந்தாள். மழைச் சத்தம் கேட்டது. நாதஸ்வரம் கேட்டது. இஞ்சின் மட்டும் திரும்பக் கேட்கவில்லை.

படியிறங்கிக் கீழ்க் கதவைத் திறந்ததும் அடுப்புக்குள் தலையை விட்டது போல் அனல். ஷட்டர் தரையோடு தரையாக இறங்கியிருந்தது. சாரல் இஞ்சின்மேல் அடித்திருக்க வேண்டும். வெளியே கிடந்த பைப்பை உள்ளே இழுத்துவிட்டு, முழுக்க இறக்கியிருக்கிறான். சத்தமும் வெளியே போகவில்லை.

நாகையா கவிழ்த்துப் போட்ட சோப்புப் பீப்பாயின்மேல் உட்கார்ந்து, வேன் கதவில் தலையைச் சாய்த்திருந்தான். உதடு ரத்தச் சிவப்பு.

"வெத்தல எங்கங்க கெடச்சிச்சி?" என்று கேட்டாள். "நான் மேல வெந்துகிட்டு இருக்கேன், இங்க வெத்தல போட்டுத் தூங்கறீங்களா?"

தோளைத் தட்டினாள். அவன் சரிந்தான். ஸ்குரூடிரைவர் பையிலிருந்து விழுந்து உருண்டது. அவள் ஷட்டரைத் தூக்கப் போய், பாதி தூக்கி, கால் மடங்கி விழுந்தாள். கட்டடத்து ஜாகா, காவல்காரன் சமாட், மழையில் ஓடிவந்து இரண்டு பேரையும் வெளியே இழுத்துப் போட்டான். ஒருத்திக்குத்தான் மூச்சு இருந்தது.

புகையில் இருக்கிற ஒரு வாயு, வாசனை இல்லாதது, நிறமில்லாதது, அதுதான் உதட்டைச் சிவக்க வைத்தது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். சாவுக்கு வந்த சீவரத்தினம் வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே வரும் முன்பே கேட்டார்.

"ஷட்டரை முழுசா இறக்கச் சொல்லி ஆர் சொன்னது?"

"சத்தம் வெளிய போகக்கூடாதுன்னு சொன்னது யாரு?"

அவர் செருப்பைத் தேடினார். அவர் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது, அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்து புருஷனிடம் கொடுத்தவள் யார் என்று.

காரியம் முடிந்து சம்பளப் பாக்கி விஷயமாகக் கம்பெனிக்குப் போனாள். வேனில் புதிய ஆள் ராதாகிருஷ்ணன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அவள் யாரென்று தெரியாது. ஏதோ பேச வேண்டுமே என்று இஞ்சினைத் தட்டிக் காட்டினான்.

"இது ஒரு மாதிரி மெஷின்க்கா. நேரத்துக்கு இந்த வால்வத் தொறக்க ஆள் இல்லன்னு வைங்க, தண்ணி தானா கொதிக்க ஆரம்பிச்சிடும். பக்கத்துல ஆள் இருக்கா இல்லையான்னு மேல சூட்ட வெச்சே சொல்லிடலாம்."

சீதாலெட்சுமி வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஆவி பறந்த கார்ப்பெட், கரைந்த கறை, தனக்குள் சிரித்த சிரிப்பு. அவன் இல்லாமல் போனதைத்தான் அந்தக் குழாய் அவ்வளவு நேரமும் மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. அவள் அதை வாங்கி அறை அறையாகக் கழுவியிருக்கிறாள்.

வந்த வேலையை விட்டுவிட்டு சீவரத்தினத்தின் மேஜைக்குப் போனாள்.

"எனக்கு வேல வேணும். ஆனா அந்த ஸ்டோர்ல கெடக்கற மெஷின் வேணும். அது இல்லன்னா வேற எடம் பாத்துக்கறேன்."

அவர் ஸ்டோர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

இதெல்லாம் நடந்து ஐந்து வருடமாகிறது. பெரிய ஆபீஸ்கள் வேனுக்குப் போய்விட்டன. வேனில் இப்போது புகையை வெளியே தள்ள ஒரு காற்றாடி பொருத்தியிருக்கிறார்கள், ஷட்டருக்குள் நிறுத்தக்கூடாது என்று மூன்று மொழியில் எழுதியும் ஒட்டியிருக்கிறார்கள். சீதாலெட்சுமிக்குக் கிடைப்பது கிள்ளானில் சின்னக் கல்யாண மண்டபம், டியூஷன் சென்டர், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு துணிக்கடையின் மாடி. கார்ப்பெட் மறுநாள்தான் காயும். ஏச்சு விழும். தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். மெஷினில் பச்சைத் தண்ணீர்தான் ஊற்றுகிறாள். வெந்நீர் ஊற்றினால் அழுக்கு நன்றாகப் போகும் என்று சொன்னவர்களுக்கு அவள் காரணம் சொன்னதில்லை.

வாளி தூக்க புஷ்பவல்லி என்று ஒருத்தி வருகிறாள். வாயாடி, அதற்காகவே சீதாலெட்சுமி கேட்டு வாங்கிக்கொண்ட ஆள். போன ஞாயிறு கிள்ளான் மண்டபத்தில் வேலை. புஷ்பவல்லி வாளியை எடுத்துக்கொண்டு கக்கூஸ் பக்கம் போனாள். எங்கேயோ இரண்டு வயரும் ஒரே லைனில் மாட்டிக்கொண்டு, பியூஸ் போய், மெஷின் அடங்கியது. ஜன்னல் இல்லாத மண்டபம் பகலிலேயே இருண்டது.

சீதாலெட்சுமி தடியின் வாயை உள்ளங்கையால் பொத்தியபடி நின்றாள்.

"புஷ்பா, இருக்கியா?"

சத்தம் இல்லை.

"புஷ்பா!"

"இருக்கேன்க்கா! ஐயோ, ஒரு நாளைக்கி எத்தன வாட்டிலா கேப்பீங்க? கக்கூஸுக்குப் போனவ செத்தா போயிடுவா?"

சீதாலெட்சுமி கையை எடுத்துவிட்டு, இருட்டில் முட்டிபோட்டு, மேஜைக்கு அடியில் வேறு பிளக் தேட ஆரம்பித்தாள்.