நாலாவது ஆளாக ஒரு கல்

நாங்கள் மூன்று பேர். அதுதான் அம்மாவுக்குக் கவலை. மூன்று பேராக வெளிக்கிட்டால் போன காரியம் சரிவராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதற்குப் பரிகாரம், ஒரு கல்லை நாலாவது ஆளாகக் கூட்டிக்கொண்டு போவது. மெல்பேணில் வாடகை வீட்டு முற்றத்தில் ஒரு கபிலநிறக் கல்லைப் பொறுக்கி, கழுவி, துணிப்பையில் வைத்தார் அம்மா.

“கல்லுக்கும் டிக்கெட் எடுக்கவோ?” என்று கேட்டார் அப்பா. அவர் பாறையியல் படிக்க வந்தவர். பெட்டி பெட்டியாகக் கல் சேர்ப்பதில் அவருக்கு ஒரு வெட்கமும் இருந்ததில்லை. அந்த விடுமுறைக்கு நாங்கள் போர்த்துக்கீசத் திமோருக்குப் போனதே அவருடைய கற்களுக்காகத்தான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஏழு வயது. டார்வினிலிருந்து சின்ன விமானத்தில் இறங்கினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவில் ஒரு லொறி போகக்கூடிய தெரு. நேர அட்டவணை கிடையாது. லொறியில் ஆட்கள் நிறைந்தால் புறப்படும். பல ஆறுகளுக்குப் பாலமும் கிடையாது. தண்ணீர் குறைவாக இருந்தால் லொறி ஆற்றுக்குள் இறங்கிக் கடக்கும். மலையில் மழை பெய்தால் கரையில் காத்திருக்க வேண்டியதுதான்.

திரும்பி வரும் நாளில், சாப்பிட நிறுத்திய கடற்கரையில், அம்மாவின் கல்லை எடுத்து நான் தண்ணீரில் எறிந்து விளையாடிவிட்டேன். இரண்டு முறை தத்திப் பாய்ந்து அது அமிழ்ந்துபோனது. பிறகுதான் பயம் வந்தது. தெருவோரத்தில் ஒரு பெரிய மரத்தின் கீழே வெள்ளைக் கற்களைக் குவித்து, மேலே எருமைக் கொம்புகளை வைத்திருந்தார்கள். குவியலின் ஓரத்திலிருந்து ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்தேன். இனி நாங்கள் நாலு பேர்.

லொறி புறப்பட்டது. எனக்குப் பக்கத்தில் மடியில் சேவலோடு இருந்தவர் எழுந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அப்பால் இருந்த பெண் இறங்கி மூட்டையின் மேல் இருந்தாள். நெரிசலில் ஆளுக்கு மேல் ஆள் நின்ற லொறியில், வாங்குப் பலகையில் என் பக்கத்தில் மட்டும் ஓராள் இருக்கக்கூடிய இடம் வெறுமையாகக் கிடந்தது. வளைவுகளில் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அந்த இடத்தில் ஒருவரும் கைகூட ஊன்றவில்லை. காலை முழுவதும் கூவிய சேவல் சத்தமில்லாமல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பலகை குளிர்ந்திருந்தது என்றும் எனக்கு நினைவு. பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டேனோ தெரியாது.

கொஞ்சத் தூரத்தில் வந்த கடைசி ஆற்றங்கரையில் சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டார். தண்ணீர் முழங்காலளவுதான். ஆனால் மலையுச்சி கறுத்துக்கொண்டு வந்தது. மறுநாள் காலை விமானம். அதைவிட்டால் ஏழு நாள் கழித்து, அடுத்த கிழமைதான். அப்பாவுக்கோ பரீட்சை.

“ஏன் நிக்கிறான்?” என்றார் அப்பா.

சாரதி பின்னால் வந்து துணிப்பையைக் காட்டினார். பயணிகளிடம் பொறுக்கிய ஆங்கிலத்தில், உள்ளே இருக்கும் கல் மரத்தடிக்குப் போகவேண்டும், எடுத்த ஆளே கொண்டுபோக வேண்டும், அதுவரை ஆற்றில் இறங்கமாட்டேன் என்றார். யாரோ என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

அம்மா பையைத் திறந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு, எடுத்த ஆளுக்கு என்ன நடக்கும் என்று சாரதியிடம் கேட்டார். அவர் குனிந்து அம்மாவின் காதருகே ஏதோ சொன்னார். அம்மா தன் நெஞ்சில் கையை வைத்து, “நான்தான்” என்றார்.

“உமக்கென்ன விசரே? அது வெறும் சுண்ணாம்புக்கல்லு.”

“ஓம், சுண்ணாம்புக்கல்லுதான். வைச்சிட்டு வாறன். நீங்கள் பிள்ளையைப் பாருங்கோ.”

சேவல்காரர் முன்னால் நடந்தார். கல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அம்மா பின்னால் போனார். வளைவில் சேலை மறைந்தபோது ஆற்றில் மரக்கிளைகள் மிதந்து வரத் தொடங்கியிருந்தன. அப்பா கரையில் ஒரு தடியை நட்டுவிட்டு, தண்ணீர் அதில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து இடத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நான்தான் எடுத்தேன் என்பது பல தடவை வாய்வரை வந்தது, சொல்லவில்லை.

தடியில் அரைவாசி தண்ணீருக்குள் போனபோது அம்மா வந்தார். நெற்றியில் வெள்ளையாக ஏதோ பூசியிருந்தது. உடனே மூட்டையில் இருந்த பெண் எழுந்து வந்து, என் பக்கத்து இடத்தில் சர்வசாதாரணமாக இருந்துகொண்டாள். லொறி ஆற்றுக்குள் இறங்கியது. தண்ணீர் எங்கள் காலடிப் பலகை வரை வந்து, பிறகு வடிந்தது.

இப்போது எனக்கும் ஒரு மகன், அதே வயதில். அவனுடைய காற்சட்டைகளைத் துவைக்கப் போடமுன் பைகளைத் தடவிப் பார்க்கிறேன். அம்மாவுக்குத் தலையிடி என்றாலும், வழுக்கி விழுந்தார் என்றாலும், இதுதானோ என்று மனம் ஓடிப்போய் அந்த ஆற்றங்கரையில் நிற்கிறது. சாரதி சொன்னது என்னவென்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. கேட்க எனக்கும் துணிவில்லை.

அன்றைக்கு நான் நினைத்தது வேறு. கபிலநிறக் கல்லுக்கும் வெள்ளைக் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல், தன்னுடைய கல்தான் என்று எண்ணி அம்மா கொண்டுபோனார் என்று நினைத்தேன். நான் அகப்படவில்லை. அந்த நிம்மதியில், அவருடைய ஈரச் சேலையில் முகத்தை வைத்து, பட்டினம் வரும்வரை நன்றாக நித்திரை கொண்டேன்.